பாலனை யார் வைப்பது

நினைவு மலர் என்றால் போனவரை எதற்கும் அஞ்சாதவர் என்று எழுதுவது வழக்கம். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு மலர் போடலாம் என்றதும் என் தம்பியும் அப்படித்தான் எழுதச் சொன்னான். எழுதினால் அம்மாவே சிரித்துவிடுவார்கள். எங்கள் அம்மா பயந்த சுபாவம். லிஃப்டுக்குப் பயம், இடிக்குப் பயம், கதவு தட்டினால் பயம், கூரியர் வந்தால் அதைவிடப் பயம். அதில் பாதியை எனக்கும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன் மணி அடித்தால் இன்றைக்கும் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆகவே உள்ளதை உள்ளபடியே எழுதுகிறேன். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது திசையன்விளைப் பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு அப்பாவோடு புனேவுக்கு ரயிலேறினார்கள். அப்பாவுக்குக் கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை. வீடு தாபோடியில், தண்டவாளத்தை ஒட்டி, ஒற்றை அறை. காலையில் போகும் அப்பா இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு செபமாலையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்களாம். பால்காரர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். "அவன் என்னமோ சொல்லுதான், எனக்கு நெஞ்சு அடைக்குது" என்பார்களாம் அம்மா. அப்பாவுக்கு அன்றைக்குக் கடுங்காப்பிதான்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் வந்தது. ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த குடில் சொரூபங்களை அம்மா எடுத்து வைத்தார்கள். மாதா, சூசையப்பர், ஒரு மாடு, குழந்தை ஆண்டவராகக் கட்டைவிரல் அளவில் ஒரு மண் பாலன். ரயில் பயணத்தில் பாலனின் ஒரு கை உடைந்துபோயிருந்தது. குடிலை முன்னதாகவே கட்டினாலும் பாலனைப் பெட்டியிலேயே வைத்திருந்து, திருநாளுக்கு முந்தின சாயங்காலம்தான் தீவனத் தொட்டியில் கிடத்துவோம். வீட்டிலேயே சின்னப் பிள்ளை கிடத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் அப்போது பிள்ளை ஏது? "நானே வைக்கேன். இந்த வீட்டுல ரொம்பப் பயந்து கெடந்தது நான்தான்" என்று அம்மா வைத்தார்கள்.

அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிப்போனது. அந்த வருடம் யார் அதிகம் பயந்தார்களோ அவர்கள்தான் பாலனை வைக்க வேண்டும். எதற்குப் பயந்தோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லவும் வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்காக நான் வைத்தேன். ஆற்று வெள்ளம் தெருவுக்குள் ஏறிய வருடம் தம்பி வைத்தான். என் முதல் பிரசவம் நெருங்கிய வருடம், நிறைமாத வயிற்றோடு குனிய முடியாமல், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வைத்தேன். அம்மாவுக்கும் வருடா வருடம் பயம் இருந்தது. ஆனால் எங்களில் ஒருவர் வாயைத் திறந்தால் உடனே விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

அப்பா மட்டும் ஒரு தடவைகூட வைத்ததில்லை. பட்டறையில் விரல் நசுங்கிய வருடம் அம்மா பாலனை நீட்டினார்கள். "என்னத்துக்குப் பயம்? அதான் தையல் போட்டாச்சே" என்று அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்கள்.

கடவுள் மனிதனானது ஏன் என்று பங்குத்தந்தை சொன்னதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அம்மா அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டே சொன்னதுதான் மனதில் நிற்கிறது. "ஆண்டவர் பெரிய ஆளா வந்திருக்கலாம்லா? பிள்ளையால்லா வந்தாரு. தூக்க ஆளில்லன்னா அழுத பிள்ளை. ராசாவோட ஆளுங்க வெட்ட வாரானுவன்னு, மாதா அவரைத் தூக்கிக்கிட்டு பாஷை தெரியாத ஊருக்கு ஓடுனா. பயம்னா என்னன்னு அவருக்குத் தெரியும்ட்டி. நாம வெவரிச்சுச் சொல்ல வேண்டாம்." புனேவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் மாதாவோடுதான் பேசிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னார்கள்.

அப்புறம் மராத்தி கற்றுக்கொண்டார்கள். நாங்கள் காக்கூ என்று கூப்பிடும் கீழ்வீட்டு மராத்தி அம்மாளோடு மெத்திக் கீரை வாங்கப் போய், கட்டுக்கு இவ்வளவா என்று கடைக்காரரிடமே சண்டை போடும் அளவுக்குத் தேறினார்கள். ஓய்வுக்குப் பிறகு அப்பா நிக்டியில் சின்ன வீடு வாங்கியபோது, காக்கூவை விட்டு வர மாட்டேன் என்று அழுதார்கள்.

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் என்னையும் தம்பியையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி சில மாதங்கள்தான் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார். தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்பாவிடம் சொன்னோம். அப்பா டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிறகு, "அவ பயந்த பிள்ளை. அவ முன்னால ஒருத்தரும் மூஞ்சியத் தொங்கப் போடப்படாது. சும்மா சளின்னு சொல்லுங்க" என்றார்கள்.

நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு நான் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுவேன். தம்பி அலுவலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, வண்டியைக் கட்டடத்துக்குக் கீழேயே நிறுத்தி உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கிரிக்கெட் பேசுவோம். அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மாவைக் கட்டிலோடு ஹாலுக்கு நகர்த்தினோம். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். தம்பி கட்டிய குடில் மின்னிக்கொண்டிருந்தது. பாலன் இருந்த பெட்டி அம்மாவின் மடியில்.

"இந்த வருசம் யாருக்குப் பயம்?" என்று கேட்டார்கள்.

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா, "பயப்பட என்ன இருக்கு? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீயே வச்சிரு" என்றார்கள்.

"என்னட்டி, உனக்கு?"

"இல்லம்மா."

அம்மா பெட்டியின் மூடியைத் திறக்கவே இல்லை. "யாருக்குமே பயமில்லன்னா அவரு இங்க என்னத்துக்கு வரணும்? பொட்டியிலயே இருக்கட்டும்" என்றார்கள். குரலில் கோபம்கூட இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸ் முழுவதும் எங்கள் குடிலில் தொட்டி வெறுமையாகக் கிடந்தது. கேரல் பாட வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் பாடிவிட்டுப் போனார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமலேயே நடமாடினேன். ஆண்டவர் இந்த வருடம் வரவே இல்லை, வீட்டுக்கு இனி வரப்போவது வேறொன்று என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மூன்று ராசாக்கள் திருநாளோடு கிறிஸ்துமஸ் காலம் முடிந்து குடிலைக் கலைக்க உட்கார்ந்தேன். மாட்டை எடுத்துத் துணியில் சுற்றினேன். மாதாவை எடுக்கக் கை வரவில்லை. எழுந்துபோய் அம்மாவின் கட்டிலில் தலையைச் சாய்த்து, "எனக்குப் பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு" என்றேன்.

அம்மாவின் கை என் தலையில் வந்து விழுந்தது. "எனக்கும்தான்ட்டி. எப்பம் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க எல்லாரும் தைரியமா இருந்தா நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "மொத மொத இந்த ஊருக்கு வந்தப்பம் இருந்த மாதிரியே இருக்கு. போற எடத்துல எனக்கு ஆரையும் தெரியாது" என்றார்கள்.

பெட்டியைத் திறந்து பாலனை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். அம்மா விரல்களை மூடிக்கொண்டார்கள். "இவரைத் தெரியும். இவருக்கு நம்ம பாஷையும் தெரியும்" என்றார்கள். அதற்குப் பிறகு கையைத் திறக்கவில்லை. மருந்து கொடுக்கும்போதும், பங்குத்தந்தை வந்து எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தபோதும் ஒரு கை மூடியே இருந்தது. ஒரு மதிய வேளையில், நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்கும்போது, மூச்சு நின்றது. அம்மா பயப்படாமல் போனார்கள் என்று என்னால் எழுத முடியாது. மற்றக் கையால் என் கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தார்கள்.

அந்த நாட்களில் எங்களோடு இருந்தவர்களை மறக்க முடியாது. தாபோடியிலிருந்து ரிக்‌ஷா பிடித்து வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட காக்கூ, சிலிண்டர் மாற்ற ஓடி ஓடி வந்த மாடிவீட்டுப் பிள்ளைகள், அடக்கத்துக்குத் திசையன்விளையிலிருந்து நின்றுகொண்டே பயணம் செய்து வந்த மாமாமார், செபம் சொல்லிய பங்கு மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டவர் உங்கள் வீடுகளுக்கும் வருவாராக.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவதா வேண்டாமா என்று தயங்கித்தான் கட்டினோம். சாயங்காலம் தம்பி பெட்டியைத் திறந்தான். பாலன் இல்லை. அடக்கத்தன்றே யாராவது எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள் என்றிருந்தோம். தம்பி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். அம்மாவின் கையோடேயே மண்ணுக்குள் போய்விட்டதோ என்று நினைத்தேன். அலமாரியைக் கலைத்தோம், கட்டிலுக்கடியில் தேடினோம்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்கள். சட்டைப் பையில் கையை விட்டார்கள். கை உடைந்த அந்த மண் பாலன் அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. வியர்வை பட்டுப் பட்டு அதன் வண்ணமெல்லாம் போயிருந்தது.

"எப்பப்பா எடுத்தீங்க?"

"அவளைச் சவப்பெட்டியில வைக்கும்போது அவ கையிலேர்ந்து எடுத்துக்கிட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்கள் அப்பா. "வெலகுங்க. இந்த வருசம் நான் வைக்கேன்."