என் எருமை நெய்யும் வானீஸின் தொண்டையும்

என் அக்கா புருஷன் வானீஸின் தொண்டையில் சளி கட்டினால் முதல் பழி என் எருமைக்குத்தான் வரும். பாலைவன ஓரத்து மல்லாவி ஊரில் பால், நெய் வியாபாரம் என்னுடையது. வானீஸ் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுக்குத் தலைவர். முஅல்லிம், அதாவது ஆசான், என்று பெரியவர்களே எழுந்து நின்று கூப்பிடுவார்கள். அந்தக் குரலைத் தவிர அவருக்கு வேறு சொத்தும் கிடையாது, வேறு வேலையும் தெரியாது.

பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, நெய் சொட்டும் ஃபத்தீர் ரொட்டி, எது உள்ளே போனாலும் சற்று நேரத்தில் தொண்டையில் பசைபோல் அடைத்துக்கொள்ளும். கனைப்பார், துப்புவார், சோம்புத் தண்ணீரைச் சுடச்சுடக் குடிப்பார், உப்புநீரில் கொப்பளிப்பார். ஆனால் எங்களுக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் நோன்பு. நோன்பில் பாலும் கறியும் வாயில் படாது; அவித்த மொச்சையும் பருப்புக் கஞ்சியும்தான். அப்போது அவர் தொண்டை கழுவிக் கவிழ்த்த குடம்போல ஆகிவிடும். பெரிய வெள்ளியன்று அந்தியில் அவர் கிறிஸ்துவின் அடக்கப் பாட்டை எடுத்தால் கல்நெஞ்சனும் அழுவான். நானே அழுதிருக்கிறேன். மறுநாள் பாலில் தண்ணீர் கலக்கக் கை வராது.

அந்த வருஷம் கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்குப் பிறகு சளி போகவே இல்லை. குரலும் கரகரத்தது.

“உன் நெய்தாண்டா,” என்றார் வானீஸ். “எருமைக்கு என்னத்தப் போடுற, பிசினா?”

“மூணு தட்டு ஃபத்தீர உள்ள தள்ளும்போது பிசின்னு தெரியலியா மச்சான்?”

அக்கா இன்சாஃப் சிரிக்கவில்லை. “காலைல துப்புனதுல ரத்தம் இழையா வந்துச்சு, தம்பி. இவர அஸ்யூத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”

“பெரிய நோன்பு வரட்டும்டி,” என்றார் அவர். “மொச்சை உள்ள போனா எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிடும். எத்தன வருஷமா பாக்குற?”

யாரால் மறுக்க முடியும்? எல்லா வருஷமும் அப்படித்தானே நடந்தது. எங்கள் குரு அபூனா பெஸாதாவும், “நோன்பவிட நல்ல மருந்து எங்க இருக்கு?” என்று சொல்லிவிட்டார்.

நோன்பு வந்தது. பால் நின்றது, சளி நிற்கவில்லை. எள்ளு விழுதுதான் காரணம் என்று அதை விட்டார். அப்புறம் எண்ணெயை விட்டார். அப்புறம் மொச்சையையே விட்டார். கடைசியில் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு வாய்க்கும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். கன்னம் ஒட்டி, எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இதைப் பார்த்து ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? முஅல்லிம் பாலைவனத்துத் துறவியாகிவிட்டாராம். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிவந்து, தலையில் கை வைக்கச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“துறவியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! மனுசனால முழுங்க முடியல. கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?” என்று கோயில் முற்றத்திலேயே கத்தினேன்.

“நெய் விக்கிறவனுக்கு நோன்பப் பத்தி என்னடா தெரியும்?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். வானீஸும் சிரித்தார். துறவி என்ற பேர் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். நோயாளி என்ற பேருக்கு அது எவ்வளவோ தேவலை.

பெரிய வெள்ளி. கறுப்புத் துணி போர்த்திய கோயிலில் எல்லாரும் அடக்கப் பாட்டுக்குக் காத்திருந்தோம். எழுந்தார், வாயைத் திறந்தார். முதல் அடியில் பாதி வந்தது, அப்புறம் காற்றுதான் வந்தது. கனைத்துவிட்டு மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. மற்றப் பாடகர்கள் எடுத்துப் பாடி முடித்தார்கள். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினார் வானீஸ். துணி சிவந்திருந்தது. அவர் பயப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

“இத்தன மாசமா என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் அஸ்யூத் மருத்துவர்.

“நோன்புக்குக் காத்திருந்தோம்,” என்றாள் அக்கா.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கை அடித்துப் பார்த்தார். புற்று. குரல்வளையை எடுத்தால் உயிர் நிற்கும் என்றார். எடுத்தார்கள்.

மறு வருஷம் அடக்கப் பாட்டை வேறொருவர் பாடினார். வானீஸ் கடைசி வரிசையில், கழுத்துத் துளையின் மேல் துணி கட்டிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தார். உயிர்ப்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில்தான் விருந்து. பழைய சளிப் பேச்சு நினைவில் இருந்ததால், அவர் தட்டில் மட்டும் நெய் விடாத ஃபத்தீரை வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெய்ப் பாத்திரத்தை இழுத்து என் முன்னால் வைத்து, ஊற்று என்று சைகை காட்டினார்.

“சளி கட்டும் மச்சான்,” என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ஊற்றினேன். முழுவதையும் தின்றார். கழுத்துத் துளை வழியாகச் சளி வந்தது. நிதானமாகத் துடைத்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் நெய்யாகவே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ள, இன்னொரு கரண்டி ஊற்றினேன்.