பூஜையில் வைத்த வயலின்

சின்ன வயதில் எனக்கு வயலினைக் கண்டாலே ஆகாது. அதனால் பிடித்த பண்டிகை சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது, வாசித்துப் பழகும் சாதகமும் கிடையாது. நான் நான்கு நாள் முன்பே வயலினைச் சாமி முன்னால் வைத்துவிடுவேன். அம்மா எடுக்கச் சொன்னால், "தொட்டா சாமி கண்ணக் குத்தும்மா" என்பேன்.

இன்று அந்த வயலின்தான் எனக்குச் சோறு போடுகிறது. போன வருடம் பாகலூர் பக்கம் ஒரு கம்பெனியின் ஆயுத பூஜைக்குக் கச்சேரி. குளித்துவிட்டு வந்து பார்த்தால், வயலின் சந்தனமும் குங்குமமுமாகச் சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது.

கையை நீட்டினேன்.

"நாளைக்குத்தான் எடுக்கணும். கண்ணக் குத்தும்னு நீதானடா சொல்லுவ?" என்றார் அம்மா.

கண்கள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு எடுத்தேன். வேனில் ஏறிய பிறகுதான் திறந்தேன்.