மனாசே என்று பேர் வைத்தவர்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் ஊரையே ஏற்றி இறக்குபவருக்குத் தன் கோபத்தை மட்டும் ஒரு மாடி இறக்கத் தெரியாது.

அவருடைய அப்பா சபைப் போதகர். மகனும் போதகராக வேண்டுமென்று வேதாகமக் கல்லூரியில் சேர்த்தார். இவர் பாதியில் விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்தார். “எனக்குப் பிள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கிறேன், போ” என்றாராம் மாமனார். இவர் மட்டும் சளைத்தவரா? போனவர் போனவர்தான்.

எங்களுக்கு மகன் பிறந்ததும் மனாசே என்று பேர் வைத்தார். எபிரெய மொழியில் ‘மறக்கச் செய்பவன்’ என்று பொருள். சகோதரர்களே விற்றுவிட்ட யோசேப்பு, அந்நிய தேசத்தில் பெரிய ஆளான பிறகு, ‘என் தகப்பன் வீட்டையே கடவுள் மறக்க வைத்துவிட்டார்’ என்று தலைப்பிள்ளைக்கு வைத்த பேர் அது. பாதிப் படிப்பு இந்த வீம்புக்குத்தான் உதவியது.

மறந்தாரா? “மனாசே, செருப்பப் போடு” என்பார். சொல்லிவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்பார். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அப்பா ஞாபகம்தான். ஏழு வருஷமாக இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பாவமாகவும் இருக்கும்.

ஒரு ஞாயிறு மதியம் அவருடைய கருவிப்பெட்டியைத் துடைத்தேன். மூடியின் உட்புறம் பெயின்ட்டில் ஒரு போன் நம்பர். பேர் இல்லை. பெட்டி முழுக்கக் கிரீஸ். அந்த ஒரு வரி மட்டும் பளிச்சென்று இருந்தது. யாருடையது என்று கேட்கவா வேண்டும்? அந்த நம்பரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“யாரு?”

“உங்க மகனோட சம்சாரம் பேசுறேன் மாமா.”

நீண்ட இருமல். “நல்லாருக்கானா? பிள்ளைங்க?”

“ஒரே பையன். ஏழு வயசு.”

“பேரு?”

கையைத் துடைத்தபடி வந்த இவர், சொல்ல வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேதத்தைக் கரைத்துக் குடித்த மாமனாருக்கு அந்தப் பேரின் அர்த்தத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதோடு எல்லாம் முடிந்தது என்ற பயம் இவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“மனாசே, மாமா.”

இவர் போனை நிறுத்தக் கை நீட்டினார்.

“யோசேப்போட அப்பா சாகறதுக்கு முன்னாடி அந்தப் பேரனப் பாத்தாரும்மா,” என்றார் மாமனார். “முத்தம் குடுத்து, தலையில கை வச்சாரு. நானும் இன்னும் இருக்கேன்னு அவன்கிட்ட சொல்லு.”

போனை நீட்டினேன். ஏழு வருஷமாக மனாசே, மனாசே என்று கூப்பிட்ட வாய் திறந்தது.

“அப்பா” என்றார்.