சுற்றாத பின்சக்கரமும் அம்மாவின் எடையும்

கிரீஸ் சூடேறிக் கருகும் வாசனை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். கார்டன் ரீச்சில் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்சக்கர பேரிங்கை பட்டறை மெக்கானிக் "மிஸ்திரி" மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத்தான் அது ஓடியது.

பூஜை நாட்களில் சஷ்டி மாலை, மூவரும் காளிகாட் பக்கம் "டாக்கூர்" பார்க்க, அதாவது பந்தல் பந்தலாக அம்மன் சிலைகளைப் பார்க்க, கிளம்பினோம். அம்மா புதுப்புடவையோடு பின்னால் ஏறியதும் வண்டி திணறி நின்றது. அப்பா, வாசலில் நின்ற அண்டை வீட்டார் எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில், "இந்த மூட்டையை ஏத்தினா எந்த வண்டிதான் ஓடும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா இறங்கி, "நீங்க போயிட்டு வாங்க" என்று மாடியேறிவிட்டாள்.

நாங்கள் இருவர் மட்டும் போனபோதும் பாலத்து ஏற்றத்தில் வண்டி அப்படியேதான் முனகியது. அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம், "நீ இல்லாமலும் வண்டி இழுக்கலம்மா" என்றேன்.

மறுநாள் காலை அப்பா பந்தலுக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். "என் தையல் மெஷின் இறுகினா ஒண்ணொண்ணா கழட்டி, எதை விட்டா சுத்துதுன்னு பார்ப்பேன். இதுவும் மெஷின்தானே" என்றாள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தள்ளினால் அரைச் சுற்றுக்குள் நின்றது. பிரேக் கம்பியின் நட்டைத் தளர்த்தினாள், மாற்றமில்லை. செயினைக் கழற்றினாள், அப்போதும் இல்லை. கடைசியில் அச்சின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியதும் சக்கரம் விர்ரென்று சுற்றியது. முறுக்கினாள், நின்றது. மறுபடி தளர்த்தினாள், சுற்றியது.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். "பொம்பளை கை வைக்கிற வேலையா இது?"

"நட்டை முறுக்கினா இறுகுது. உள்ள ஏதோ ஒண்ணைப் போடாம விட்டிருக்கான். போய்க் கேளுங்க."

அப்பாவோடு நானும் பட்டறைக்குப் போனேன். மிஸ்திரி பிரித்துப் பார்த்தான். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்னக் குழாய் அவன் பெஞ்சிலேயே கிடந்தது. அது இல்லாமல் நட்டை முறுக்கியதில் பேரிங்குகள் நெரிபட்டு, உள்ளே கிரீஸ் கருகியிருந்தது. "பூல் ஹோயே கேச்சே, தாதா" என்று தலையைச் சொறிந்தான். தப்பு நடந்துவிட்டது என்று அவனாவது சொன்னான்!

சாயங்காலம் அதே வாசலில் அப்பா, தானே நோண்டிக் கண்டுபிடித்ததாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "கண்டுபிடிச்சது அம்மா!" என்று நான் கத்த வாயெடுத்தேன், என் வாயைப் பொத்தியது அம்மாவின் கை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு அப்பா, எதுவுமே நடக்காததுபோல, "ஏறு, போகலாம்" என்றார். "நான் நடந்தே வரேன்" என்றாள் அம்மா. அந்த வண்டியில் அவள் அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அன்று சிரித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். அம்மா இப்போது ஜாதவ்பூரில் என்னோடு இருக்கிறாள். ஆட்டோவில் ஏறினால் வயிற்றை எக்கிக்கொண்டு, இருக்கையின் ஓரத்தில் பாதியாகத்தான் உட்காருகிறாள். "நல்லா உட்காரும்மா" என்கிறேன். "வேண்டாம்டி, மத்தவங்களுக்கு இடம் வேணும்ல" என்கிறாள், ஆட்டோவில் எங்களைத் தவிர வேறு யாருமே இல்லாதபோதும்.