துருப்பிடித்த பின்னுக்குத்தான் விலை

எங்கள் மேல்வீட்டு ஞானம்மாள் ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கிற ஃபாக்டரியில் முப்பத்திநாலு வருஷம் கால்சட்டை தைத்தவர். "எல்லையில நிக்கிறவன் குந்தி எந்திரிச்சா கிழியக் கூடாது. அவ்ளோதான் என் வேலை" என்று மொத்த சர்வீஸையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. காசியும் இல்லை, ராமேஸ்வரமும் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, காலை நீட்டித் தனியாகப் படுக்க ஓர் அறை வேண்டும்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பிறந்த வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தால் மாமியார், நாத்தனார், பிறகு இரண்டு பிள்ளைகள். இப்போது பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், கோவில்பதாகையில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் சொந்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு அறையில் கணவர் பச்சையப்பனும் அவருடைய குறட்டையும். இன்னொன்றில் தொள்ளாயிரம் காமிக்ஸ் புத்தகங்கள்.

பச்சையப்பன் டாங்க் ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எடுத்துக் கொடுக்கிற வேலைக்குத்தான் ஸ்டோர் கீப்பரைப் போடுகிறார்கள், ஆனால் எடுத்துக் கொடுப்பதுதான் அவருக்குப் பிடிக்காத ஒரே வேலை. வீட்டிலும் அதே கதை. ஒவ்வொரு காமிக்ஸையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு டேப் ஒட்டி, எண் எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கி, தட்டுக்குத் தட்டு ஒரு அட்டையும் தொங்கவிட்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாக ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. ஒரு தடவை நான் படிக்கக் கேட்டபோது, என்னவோ அவர் கிட்னியைக் கேட்டதுபோல முறைத்தார். "பிரிச்சா மதிப்பு பூடும் தம்பி" என்றார்.

மதிப்பு என்று ஒன்று இருந்ததும் உண்மைதான். ஊரடங்கு சமயத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சின்ன வயசைத் தேடிக் கிளம்பி, பழைய காமிக்ஸ் ஒன்றுக்குப் பத்தாயிரம்கூடக் கொடுத்தார்கள். பிறகு அதே கதைகள் பளபளவென்று மறுபதிப்பு வந்தன. வாங்கினவர்களுக்குச் சர்க்கரை வந்தது, பேரன் வந்தான், வீட்டில் இடம் போயிற்று. அறையைக் காலி செய்யச் சொல்லி ஞானம்மாள் நச்சரித்ததில், பச்சையப்பனுக்காக நான்தான் ஃபோட்டோ எடுத்து ரசிகர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் விற்க வந்தவர்கள். எல்லோரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? ஒரு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்தது பதினேழு கும்பிடும், "அந்தக் காலம் வருமா சார்!" என்று ஒரு பெருமூச்சும்தான்.

கடைசியில் கரையான்சாவடி அசோக் ஃபோன் செய்தார். முன்னே செல்ஃபோன் கவரும் பின்னே பழைய காமிக்ஸும் விற்கிற கடை அவருடையது. இப்போது காமிக்ஸ் ஒரே ஒரு அட்டைப்பெட்டிக்குச் சுருங்கிவிட்டது. சிங்கப்பூரில் ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். "இந்த ஒரு தபாதான் சார். அடுத்த மாசம் சும்மா குடுத்தாலும் வாங்கி வைக்க ஆள் கெடையாது."

"மொத்தமா, மருவாதியா எடுத்துக்கினா குடுத்துர்றேன்" என்று பச்சையப்பன் மனைவியிடம் இறங்கி வந்தார். "இல்லாட்டி அது அங்கியே கெடக்கட்டும். அப்பறம் அந்த ரூமப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது."

ஞானம்மாள் அன்றைக்கே போய்த் தலையணை வாங்கிவிட்டார். ஒன்றே ஒன்று.

வியாழக்கிழமை பச்சையப்பன் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போனார். அவர் பஸ் பூந்தமல்லி தாண்டியிருக்காது, மேலேயிருந்து ஞானம்மாளின் கூப்பாடு. "நைனா, இங்க வந்து இத்தப் பாரு."

உறைகளைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். முதுகில் அடித்திருந்த பின்னெல்லாம் துரு. அட்டை ஒரு பக்கம் தொங்குகிறது, நடுத்தாள் கழன்று வருகிறது. "இத்த எவனாச்சும் துட்டு குடுத்து வாங்குவானா? எங்க ஃபாக்டரியா இருந்தா மூஞ்சிலயே உட்டெறிஞ்சிருப்பான். பொண்ணு பாக்க வராங்கோ, தலையாச்சும் வாரி உட வேணாமா?"

எனக்கும் சரியென்றே பட்டது. படித்தவன் என்று எனக்குப் பெயர், ஒரு கம்பெனி நம்பிச் சம்பளம் வேறு கொடுக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு நகவெட்டியால் துருப்பின்களைப் பிடுங்கினேன். அவர் மெஷினில் காக்கி நூல் கோர்த்து, முதுகில் இரட்டைத் தையல் ஓட்டினார். ஓரம் நைந்திருந்ததைத் துணி வெட்டுகிற கத்தரியால் நறுக்கென்று சமப்படுத்தினார். இருப்பதிலேயே பழைய, விலை உயர்ந்த நூற்று நாற்பது புத்தகங்களும் மூன்று நாளில் முடிந்தன. தையல், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. உறைக்குள் போட்டு மறுபடி அடுக்கியபோது எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பச்சையப்பன் வேலூரிலிருந்து திரும்பினார், பின்னாலேயே அசோக் வந்தார். அசோக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, 'கப்பலில் ஒரு கழுகு' என்ற புத்தகத்தை உறையிலிருந்து உருவினார். முதலில் மோந்து பார்த்தார். இந்த வியாபாரத்தில் அதுதான் முறையாம். பிறகு முதுகைத் திருப்பினார். மனுஷன் முகம் விழுந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தார். இன்னொன்றை.

"இன்னாமா இது? எல்லாத்தியும் தெச்சி வச்சிகீற!"

"ஆமா. டபுள் தையலு. இழுத்துப் பாரு, வராது."

அசோக் இழுத்தே பார்த்தார். வரவில்லை. அதற்கு அவர் அழாத குறை. "எம்மா, அந்தத் துருப்புடிச்ச பின்னுதான் இதுக்கு சர்டிபிகேட்டு. பின்னை மாத்தினாலே பாதி வெல பூடும். நீ பின்னயும் புடுங்கி, ஓரத்தயும் வெட்டி... இத்தக் காட்டினா சிங்கப்பூர்காரன் என்னிய பிளாக் பண்ணிருவான்."

"துருவுக்குத் துட்டு குடுப்பீங்கோ, தையலுக்குக் குடுக்க மாட்டீங்களா? நல்லாகீதே நாயம்!"

கொடுத்த காப்பியை அசோக் வாங்கிக் குடித்தார். தைக்காத எழுநூற்றுச் சொச்சத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, அதெல்லாம் மறுபதிப்பு வந்த சரக்கு, எடைக்குத்தான் போகும் என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞானம்மாள் தரையில் உட்கார்ந்தார். பணம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ரூமு பூட்ச்சே" என்றார், சின்னக் குரலில். முப்பத்திநாலு வருஷ வேலையில் ஒரு உருப்படியைக்கூட யாரும் திருப்பி அனுப்பியதில்லை என்று என்னிடம் எத்தனையோ தடவை சொன்னவர். எனக்கு வெட்கமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. அடுத்து பழி என் பக்கம் திரும்பும் என்று பயந்து வாசல்படி வரை நகர்ந்தும் நின்றுவிட்டேன்.

பச்சையப்பன் திட்டவில்லை. அசோக் போட்டுவிட்டுப் போன 'கப்பலில் ஒரு கழுகு' அலமாரி ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துத் தையலைக் கட்டைவிரலால் தடவினார். இனி அதில் கெட்டுப்போக எதுவும் மிச்சமில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தைத் திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏ ஞானம், இந்த வில்லன் எட்டாம் பக்கத்துல செத்துட்டான். இருவதாம் பக்கத்துல வந்து டீ குடிக்கிறான்! இந்தக் கருமத்தயா இருவத்தஞ்சு வருசமா பூட்டி வச்சிகினு இருந்தேன்?"

சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார். சாயங்காலம் ஆயிற்று, சாப்பாடு அங்கேயே வேண்டும் என்றார். பிறகு பாய் கேட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து முடிக்காமல் அந்த அறையை விட்டு வெளியே வரமாட்டாராம்.

பாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஞானம்மாளுக்கு உறைத்திருக்கிறது. எதிரே அவர்களுடைய பெட்ரூம் காலியாகக் கிடந்தது. கட்டில், ஃபேன், ஜன்னல், தாழ்ப்பாள், எல்லாம் இருந்தது. அந்த ஆள்தான் இல்லை. புதுத் தலையணையோடு உள்ளே போனவர், மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் கதவைத் திறந்தாராம். "கல்யாணம் ஆனப்பறம் இப்பதான் நைனா நான் தூங்கினேன்" என்று படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் குழம்பு கொடுக்க மேலே போனேன். தாழ்ப்பாள் போட்ட பெட்ரூம் கதவைப் பச்சையப்பன் தட்டிக்கொண்டிருந்தார், கையில் காக்கித் தையல் போட்ட புத்தகம்.

"கதவத் தொறடி, இந்தக் கட்டத்தப் பாரேன்."

"தொறக்க மாட்டேன். அங்கிருந்தே படி."

பச்சையப்பன் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். பிறகு கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கட்டம் கட்டமாகப் படிக்க ஆரம்பித்தார். துப்பாக்கி வெடிக்கிற இடத்தில் டுமீல் டுமீல் என்று வாயாலேயே சுட்டார்.

உள்ளேயிருந்து ஞானம்மாள் அதட்டினார்.

"சத்தமா படிய்யா, ஃபேன் அஞ்சுல ஓடுது."