எண் போடும் நிரலும் மதிய ஷிஃப்ட்காரரும்

வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மூன்றாவது தடவையும் இழுத்திருக்கிறேன். இந்தக் குணத்தால் எனக்கு நேர்ந்த நஷ்டங்களைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இன்னொருவருக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்று இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். பெருங்களத்தூர் தொடங்கி மேடவாக்கம் வரை வயல் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை முப்பதடிக்கு நாற்பதடி மனைகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் நான், மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு பெண். அவருடைய அப்பா தாம்பரம் பஜாரில் குழாய் சாமான் கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்துவிட்டு வரைபட வேலை கற்றுக்கொள்ள வந்தவர். இரண்டு வருஷம் இங்கே கை பழகினால் சிறுசேரி பக்கம் நல்ல கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்று வந்த அன்றைக்கே சொன்னார். நாற்காலி கைமாறும் ஐந்து நிமிடம்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது.

வேலையிலேயே பெரிய ரோதனை மனைகளுக்கு எண் போடுவது. நூறு மனை இருந்தால் நூறு தடவை க்ளிக் செய்து நூறு எண்ணைத் தட்ட வேண்டும். நடுவில் ஒரு மனையை இரண்டாகப் பிரித்தால் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது, இதற்கென்றே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்திருந்த சின்ன நிரல் கிடைத்தது. மனைக்கு ஒன்றாகச் சும்மா ஒரு பூஜ்யம் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் மவுஸால் ஒரே வளைப்பாக வளைத்தால் போதும். பூஜ்யங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக மாறிவிடும்.

அதில் நான் சேர்த்தது நான்கு வரி. எட்டாம் எண் மனையை யாரும் வாங்குவதில்லை என்று நிலம் விற்பவர் சொல்லியிருந்தார். எட்டு மட்டுமில்லை, கூட்டினால் எட்டு வருகிற பதினேழும் இருபத்தாறும்கூட ஆகாதாம். ஆகவே எட்டு வர வேண்டிய இடத்தில் 7ஏ, பதினேழு வர வேண்டிய இடத்தில் 16ஏ என்று வரும்படி நிரலைத் திருத்தினேன். எங்கள் அலுவலக ஓனருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் எழுதிய ப்ரோக்ராம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

ஒரு நாள் நாற்காலி மாறும்போது அந்தப் பெண், நிரலின் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். இவருக்கு எதற்கு உள்ளே பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அடுத்த மாதம் அவரும் அந்த நிரலை ஓட்ட ஆரம்பித்தார், வினை வந்தது. அவர் போட்ட வரைபடங்களில் மட்டும் எண்கள் தாறுமாறாக விழுந்தன. நுழைவாயிலில் இருக்க வேண்டிய ஒன்றாம் எண், பின்பக்கச் சுவரோரம் போய் உட்கார்ந்திருந்தது. நிலம் விற்பவர் அதைக் கவனிக்காமல் பிரிண்டோடு மேடவாக்கத்துக்கு ஆட்களைக் கூட்டிப்போய், மூன்றாம் மனை ரோட்டு மேல் என்று காட்டியிருக்கிறார். பிரிண்டில் அது கால்வாய் ஓரத்தில் இருந்தது. என் வரைபடங்களில் அப்படி எதுவும் இல்லை. ஒரே கம்ப்யூட்டர், ஒரே நிரல். காலையில் சரியாக வருவது மதியம் எப்படிக் கெடும்? எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இருந்தாலும் வேவு பார்த்தேன். நிரலின் ஃபைல் கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன், மாறியிருக்கவில்லை. சரி, கம்ப்யூட்டர் கடிகாரத்தையே பின்னால் தள்ளிவிட்டு மாற்றுகிறார் என்று நினைத்தேன். ஃப்ளாப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்து, மறுநாள் காலை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் மாற்றி ஓட்டிவிட்டுப் போகும்போது பழையபடி வைத்துவிடுகிறார், பலே கில்லாடி என்று முடிவு கட்டினேன்.

ஒரு காலையில் ஓனரிடம் போய்ச் சொன்னேன்.

“ஃபைல யாரோ தொடுறாங்க சார்.”

இரண்டே பேர் உட்காருகிற கம்ப்யூட்டரில் யாரோ என்றால் யார்? பெயர் சொல்லாததால் என் கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மதியம் ஓனர் அந்தப் பெண்ணை அறைக்குள் கூப்பிட்டார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர், கம்ப்யூட்டர் மேஜையிலிருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த மேஜைக்குப் போனார். அதற்குப் பிறகு பிரிண்ட்களை மடித்துக் கவரில் போடுவதுதான் அவர் வேலை. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் எனக்கு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெருங்களத்தூர் மனைப் பிரிவு ஒன்றை முழுக்க நானே வரைந்திருந்தேன். கடைசி நேரத்தில் நடுவில் இரண்டு மனைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்து, புது மனைகளுக்கு மட்டும் பூஜ்யம் போட்டு, எல்லாவற்றையும் வளைத்து ஓட்டினேன். ஒன்றும் இரண்டும் நட்டநடுவில் போய் விழுந்தன. என்னைத் தவிர யாரும் தொடாத வரைபடம். அரை மணி நேரம் ஓனர் மேலேயே சந்தேகப்பட்டேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காலியான பக்கத்தில் நான்கு பூஜ்யங்களை வைத்துப் பரிசோதித்தேன். மொத்தமாக வளைத்தால், கடைசியாக வைத்ததைத்தான் மென்பொருள் முதலில் எடுக்கிறது. நான் எப்போதும் பின்சுவரில் ஆரம்பித்து நுழைவாயிலில் முடிப்பவன். அதனால் நான் கடைசியாக வைக்கிற நுழைவாயில் பூஜ்யத்துக்கு ஒன்று கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எல்லோரையும் போல நுழைவாயிலிலிருந்து ஆரம்பித்தார், அவ்வளவுதான். யாரும் எதையும் தொடவில்லை.

வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள்தான் ஓனரிடம் விஷயத்தைச் சொன்னேன். மதிய வேலைக்குத் தன் மச்சான் பையனை வரச் சொல்லிவிட்டதாகவும், ஆனது ஆச்சு விடுப்பா என்றும் சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

மூலை மேஜைக்குப் போனேன். தப்பு நிரலில்தான், அவர்மேல் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓனரிடம் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும் சார்” என்றார். “கடைசியா வெச்சது முதல்ல வருதுன்னு அன்னிக்கு ரூம்லயே ஓனர்கிட்ட சொன்னேன். அத எழுதுனவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சான்னு கேட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

அதை எழுதியது நான் இல்லை, என்னுடையது நான்கே வரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரிடமும் சொல்லவில்லை, ஓனரிடமும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் அந்தப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டார்.