சிஸ்டர் பொட்டு வைத்த நிலை

போர் முடிந்து, சனங்கள் தங்கள் காணிகளைத் தேடித் திரும்பிக்கொண்டிருந்த காலம். இலுப்பைக்கடவைக்கு உட்புறமாக இருந்த ஒரு வயல் ஊரில், திரும்பி வந்தவர்களுக்குக் கூரை போடத் தகரமும் தறப்பாளும் கொடுத்திருந்தார்கள். அந்த மாரியில் அடித்த புயல் அவற்றைக் கழற்றிக்கொண்டுபோய்ப் பனைகளில் மாட்டிவிட்டது. வீடு கட்டிக்கொடுக்க ஆட்கள் வேண்டுமென்று எங்கள் பங்குத் தந்தை ஞாயிறு பூசையில் கேட்டார். நான் கை உயர்த்தினேன்.

இரக்கத்தால் உயர்த்தினேன் என்றால் அது பாதிப் பொய். மன்னார் தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பெருநிலத்துக்குப் போகும் பாலத்துக்கு அப்பால் அந்தப் பக்கம் நான் போய்ப் பல வருடங்கள். அங்கே சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஏழு பேர் உழவு இயந்திரப் பெட்டியில் போய் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் தங்கினோம். வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர்: கடலுக்குப் போகாத நாட்களில் மேசன் வேலை செய்யும் ஓர் அண்ணை, மரவேலை செய்யும், வாய் ஓயாத ஓர் ஓடாவியார். மற்றவர்கள் கல் சுமந்தோம். எங்களோடு வந்த கன்னியாஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சீமெந்து குழைப்பார்.

நாங்கள் கட்டிய வீடு ஒரு விதவைப் பெண்ணுடையது. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து கணவர் இறந்துவிட்டார். மகள்மார் இருவரும் மன்னாரில் விடுதியில் நின்று படித்தார்கள். இவர் மட்டும் கிழிந்த தறப்பாளின் கீழ் இருந்துகொண்டு எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருவார்.

மூன்று நாட்களாக ஒன்றைக் கவனித்தேன். காலையில் சிஸ்டர் ஒழுங்கையில் வருவதைக் கண்டதும் அந்தப் பெண் தறப்பாள் கொட்டிலுக்குள் போய்விடுவார். நாங்கள் வேலையைத் தொடங்கிய பிறகுதான் வெளியே வருவார். எங்கள் மதத்தில் வெறுப்போ என்று நினைத்தேன். அப்படியானால் கழுத்தில் செபமாலை தொங்கிய என்னோடு ஏன் சிரித்துக் கதைக்கிறார்? கேட்டுவிட்டேன்.

அவர் தயங்கினார். "பிழையா நினையாதேங்கோ அக்கா. விடியக்காலமை வெள்ளைச் சேலையில முழிக்கக் கூடாதெண்டு சொல்லுவினம். நானும் அப்பிடித்தான். ஆற்ர நல்லது கெட்டதுக்கும் முன்னுக்குப் போய் நிக்கமாட்டன்."

சிஸ்டரிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து சிஸ்டர் தானாகவே வளவின் பின்பக்கமாக வரத் தொடங்கினார்.

புதன்கிழமை வாசல் நிலை வைக்க நாள் பார்த்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குள் வைத்துவிட வேண்டும். பாலை மரத்து நிலை, சரியான பாரம். மாவிலை, சந்தனம், குங்குமம், மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு எல்லாம் ஆயத்தம். முடிச்சுக்குள் என்ன என்று கேட்டேன். நவதானியமாம். "ஒன்பது வேணும், ஏழுதான் கிடைச்சது" என்றார் அந்தப் பெண்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பொட்டு வைக்க ஒரு சுமங்கலி வேண்டும். கிளிநொச்சியிலிருந்து வரவேண்டிய மச்சாளைக் காணவில்லை, ரோட்டில் வெள்ளமாம். பக்கத்து வீட்டில் சாவீட்டுத் துடக்கு, அவர்கள் வரக்கூடாது. மற்றக் காணிக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை.

"நேரம் போகுது தங்கச்சி" என்றார் மேசன் அண்ணை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்கள் கலியாணம் கட்டினனீங்களோ?"

எனக்கு முப்பத்துநாலு வயது. அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு ஆசையோடு ஒருவரும் கேட்டதில்லை. "இல்லை" என்று சொல்லத்தான் முடிந்தது.

ஓடாவியார் பகிடியாக, "ஏன், சிஸ்டர் நிக்கிறாதானே. அவ யேசுவைக் கட்டினவ" என்றார். மேசன் அண்ணை அவரை முறைத்தார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. முதல்முறையாகச் சிஸ்டரை நேரே பார்த்தார். "உண்மையோ?"

சிஸ்டர் மணல் ஒட்டிய கையை விரித்து மோதிரத்தைக் காட்டினார். "ஓம். கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுக்கேக்க போட்டது."

"அவர் செத்தவரெல்லோ? சிலுவையில?"

"செத்தவர். மூண்டாம் நாள் உயிர்த்திட்டார். இனிச் சாகமாட்டார்."

அந்தப் பெண் மோதிரத்தை இன்னொருதரம் பார்த்தார். "அப்ப உங்கட தாலிக்கு அழிவில்லை. நீங்களே வையுங்கோ."

சிஸ்டர் என்ன செய்யப் போகிறார் என்று நான் பார்த்தேன். எங்கள் திருச்சபையில் இதற்குச் சட்டம் இருக்கிறதா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "வெள்ளைச் சேலை பரவாயில்லையோ?"

"புருஷன் இருக்கிறார்தானே. பிறகென்ன?"

சிஸ்டர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வந்தார். எதை முதலில் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "சந்தனம் முதல், அதுக்கு நடுவில குங்குமம்" என்று அந்தப் பெண் தூர நின்றே சொல்லிக்கொடுத்தார். முதல் பொட்டு கோணலாக விழுந்தது. இரண்டாவது சரியாக வந்தது. முடிச்சை மேற்சட்டத்தில் கட்டினார்.

பிறகு திரும்பி, "வாங்கோ, நீங்களும் பிடியுங்கோ. ஆள் காணாது" என்றார்.

"நான் பிடிக்கக் கூடாது சிஸ்டர்."

"ஆற்ர வீடு? உங்கட வீடு. வாங்கோ."

அந்தப் பெண் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சட்டத்தின் கீழ்முனையைப் பிடித்தார். மேசன் அண்ணை "ஏலேலோ" என்று குரல் கொடுக்க, எல்லோருமாகத் தூக்கி நிறுத்தினோம். ஏழு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் சிஸ்டரைக் கேட்டேன்: "நீங்கள் செய்தது சரியோ சிஸ்டர்?"

"தெரியேல்லை. போன உடன மடத்தில மதருக்குச் சொல்லுவன்" என்றார். பயந்தவர் மாதிரியும் இல்லை, பெருமைப்பட்டவர் மாதிரியும் இல்லை.

சொன்னாரா, மதர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சில மாதங்கள் கழித்து அந்த ஊரிலிருந்து ஒருவர் வெற்றிலைத் தட்டத்தோடு எங்கள் கடைக்கு வந்து மடத்துக்கு வழி கேட்டார். தன் வீட்டுக்கு நிலை வைக்கச் சிஸ்டரைக் கூப்பிட வந்திருந்தார்.

"இப்ப உங்கட ஊரில கலியாணம் கட்டின பொம்பிளையள் இருக்கினம்தானே?" என்று கேட்டேன்.

"கன பேர் இருக்கினம். ஆனா அவவின்ர கை நல்ல கையெண்டு சொல்லுகினம்."

சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். திரும்பி வந்து, அந்த வீட்டு நிலையையும் தூக்க ஆள் போதாமல் போனதென்றும், நாங்கள் வீடு கட்டிக்கொடுத்த அந்தப் பெண் தானாகவே முன்னுக்கு வந்து பிடித்தாரென்றும் சொன்னார்.